புகைபோக்கி மகாத்மியம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உண்ட மயக்கத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்வதற்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த முக்கால் மணி நேரத்தை, அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு நாள் விஜயமாக மொரப்பூருக்கு வந்த என் மைத்துனர் மகன், தன் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தைக் காட்டியே அபகரித்துக்கொண்டான் என்பதையும், அந்தக் கோபம் இந்தப் புதன்கிழமை வரையிலும் எனக்குத் தணியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "மாமா, இதைப் பாருங்க" என்று மூக்குக்கு நேரே நீட்டி, வாங்கிப் பார்க்கலாமென்றால் கொடுக்காமல், "இப்ப வரும் பாருங்க, இப்ப வரும்" என்று நம் முகத்தையே பரீட்சை செய்துகொண்டிருப்பார்களே, அந்த ஜாதிப் படம் அது. வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள், காட்டியும் இருப்பீர்கள்.

படத்தின் விஷயம் இதுதான். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் சாப்மன் ஆரம்பப் பாடசாலை என்று ஒன்று இருக்கிறது. அதன் செங்கல் புகைபோக்கிக்குள், செப்டம்பர் மாதத்து அந்திப் பொழுதுகளில், தெற்கே மெக்ஸிகோவுக்கும் அதற்கு அப்பாலும் யாத்திரை போகும் வாக்ஸ் உழவாரன் குருவிகள் ஆயிரக்கணக்கில் வந்து வட்டமிட்டு, கோபித்துக்கொண்டு வெளியேறிய புகை மனம் மாறி வீடு திரும்புவதைப்போலச் சுழன்று சுழன்று இறங்கிவிடுகின்றன. ஊர் ஜனங்கள் பாயும் பலகாரமுமாக வந்து பள்ளிக்கூடத்து மேட்டில் அமர்ந்து, குருவியைப் பிடிக்க வல்லூறு வந்தால் ஏசுகிறார்கள். குருவி தப்பினால் கைதட்டுகிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பறவைகள் புறப்பட்டுப் போகும் மட்டும் கணப்பையே மூட்டாமல், பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பிற்பாடு கணப்புக்கு வேறு மார்க்கம் செய்துகொண்டு, புகைபோக்கியைக் குருவிகளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். இந்த இனத்துக்குக் கிளையில் உட்காரும் கால் கிடையாது. சொரசொரப்பான சுவரில் நகத்தை மாட்டித் தொங்கத்தான் தெரியும். முன்னாளில் பொந்து விழுந்த கிழமரங்களுக்குள் அடைந்துகொண்டிருந்தவை, மரங்களை வெட்டிய மனிதன் அதே கையால் புகைபோக்கிகளையும் கட்டி வைத்ததால் பிழைத்தன.

எல்லாம் ரசிக்கத்தக்க சமாசாரம்தான், நான் மறுக்கவில்லை. நம் பக்கத்துப் பனையோலைக்கு அடியில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும் பனை உழவாரன் இதற்குப் பங்காளி முறை என்று ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "அங்கெல்லாம் பறவைன்னா அவ்வளவு மரியாதை மாமா" என்று ஆரம்பித்துவிட்டான். இந்த "அங்கெல்லாம்" என்ற பதம் இருக்கிறதே, அதைக் கேட்ட மாத்திரத்தில் எனக்குப் பித்தம் தலைக்கேறிவிடும்.

மொரப்பூரிலும், ஐப்பசி மாதத்து மாலைகளில், இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வந்து சேரும் தகைவிலான் குருவிகளால் நிகழும் ஒரு காட்சி உண்டு. அது போர்ட்லண்டுக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன், சிம்னியைப் பற்றி இரண்டே வார்த்தை.

சிம்னி என்ற சொல் எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஓர் உபத்திரவத்தைக் குறித்து வந்திருக்கிறது. என் தாயாருக்கு வயது எண்பத்தெட்டு. அவரைப் பொறுத்தவரை சிம்னி என்பது மண்ணெண்ணெய் விளக்கு. அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது. பேரன் முறைப் பிள்ளை "சிம்னிக்குள்ள பத்தாயிரம் குருவி பூந்துடும் பாட்டி" என்று சொன்னபோது, அவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, "அத்தனை பூந்தா கண்ணாடி உடைஞ்சிடாதா சாமி?" என்று விசாரித்தார். எனக்கு அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றும் தோன்றவில்லை. சிம்னிக் கண்ணாடிக்குள் நுழையும் அளவுக்கு என் கை சிறுத்திருந்த ஒரே காரணத்தால், ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை, தினந்தோறும் சாயங்காலம் சாம்பலும் துணியுமாக உட்கார்ந்து அதைத் துடைக்கும் உத்தியோகத்தை வகித்தவன் நான்; கண்ணாடி உடைந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், என் முதுகுக்கும் தெரியும்.

இரண்டாவது சிம்னி, என் தகப்பனார் கட்டியது. ஏதோ காரியமாகச் சேலம் போய்த் திரும்பியவர், "சேலத்தில் எல்லாம் அடுப்படிக்குப் புகைபோக்கி வைத்துத்தான் கட்டுகிறார்கள்" என்று பிரகடனம் செய்து, கொத்தனாரை வரவழைத்து, ஓட்டுக் கூரையைப் பிளந்து, ஆள் உயரத்துக்குச் செங்கல்லால் ஒன்றை எழுப்பினார். அன்றுவரை ஜன்னல், கதவு, ஓட்டின் இடுக்கு என்று கண்ட வழியிலெல்லாம் சுயேச்சையாகப் போய்க்கொண்டிருந்த புகை, தனக்கென்று ஒரு ராஜபாட்டை போடப்பட்டதும் போவதையே நிறுத்திவிட்டது. புகைபோக்கியின் வழியாக மழை வந்தது, பூனை வந்தது, ஒரு முறை பக்கத்து வீட்டுப் பையனின் பட்டம் வந்தது. உள்ளே வர அத்தனைக்கும் தெரிந்த வழி, வெளியே போக ஒரு புகைக்குத் தெரியவில்லை. அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்தார். அப்பா கூடத்தில் இருமிக்கொண்டே, சேலத்துப் புகைபோக்கிகளின் மேன்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

மூன்றாவது சிம்னி, என் மகள் "பெங்களூரில் எல்லாம் இது இல்லாத வீடே கிடையாது" என்று சொல்லிச் சென்ற ஆண்டு மாட்டிவிட்டுப் போன மின்சார யந்திரம். அது மணிக்கு 1,200 கன மீட்டர் காற்றை உறிஞ்சும் என்று கடைப் பையன் பெருமையாகச் சொன்னான். கணக்கில் பற்றுள்ளவனாதலால், அன்றிரவே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பத்தடிக்குப் பத்தடி, உயரம் பத்தடி உள்ள எங்கள் சமையலறையின் மொத்தக் காற்றே 28 கன மீட்டர்தான். ஆகவே இந்த யந்திரம் ஒரு மணியில் நாற்பத்திரண்டு தடவை எங்கள் சமையலறையைக் காலி செய்கிறது. நாற்பத்திரண்டு தடவையும் வரமிளகாய்த் தாளிப்பின் நெடியை மட்டும் எப்படியோ மறந்து விட்டுவிட்டுப் போகிறது. அது போடும் சத்தத்தில் விருந்தாளி கதவைத் தட்டினாலும் கேட்பதில்லை என்பதுதான் நான் கண்ட ஒரே அனுகூலம். ஞாயிற்றுக்கிழமை அதுவும் உதவவில்லை.

உதவாததற்குக் காரணம், மூன்று மாதமாக அந்த யந்திரத்தை நாங்கள் ஓட்டுவதே இல்லை. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் குழாயில் ஒரு சிட்டுக்குருவிக் குடும்பம் வைக்கோலும் பஞ்சுமாகக் குடியேறிவிட்டது. குழாய்க்கு மூடி போட வந்த ஆளிடம் என் மனைவி, "கூட்டைக் கலைச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். முதல் ஈடு குஞ்சுகள் பறந்தன. உடனே அடுத்த ஈடு முட்டை. நான் ஒரு நாள் இருமல் தாளாமல் பொத்தானை நோக்கிக் கையை நீட்டியபோது, "ஏங்க, நீங்க கொஞ்ச நேரம் தெருவுல போய் இருமிட்டு வந்தா என்ன?" என்றாள். நாற்பதாண்டு தாம்பத்தியத்தில் என் அந்தஸ்து சிட்டுக்குருவிக்கு எத்தனை படி கீழே என்பது அன்று ஸ்பஷ்டமாயிற்று.

இவற்றுக்கெல்லாம் முன்னால் மொரப்பூர் வேறொரு புகைபோக்கியையும் கண்டிருக்கிறது. 1906-இல் இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரையில் நீண்டது. ஒழுங்காக மேல்நோக்கிப் புகைவிட்ட ஒரே சிம்னி, அந்த எஞ்சினின் தலையில் இருந்ததுதான் என்று என் பாட்டனார் சொல்லுவார். 1941-இல், யுத்த காலத்தில், பாதையை மூடித் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். மறுபடியும் அந்தப் பாதையைப் போடுவதற்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். "அங்கெல்லாம்" என்று அவன் சொன்னபோது எனக்குப் பதில் தோன்றவில்லை. அவன் நான்கு மணிக்குக் கார் ஏறிப் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போய், இரவு ஒன்பது மணிக்கு நான் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தோன்றிற்று. சிவகங்கைச் சீமையில் கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வந்த பறவைகள் மிரளும் என்று, தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அதே சீமையில் பொத்தகுடி என்ற ஊரில், தெருவிளக்குப் போடும் மின்பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது என்பதற்காக, 2020-இல் ஒரு மாதத்துக்கு மேல் ஊரே இருட்டில் நடந்தது. பாயும் இல்லை, பலகாரமும் இல்லை, கைதட்டலும் இல்லை. இவ்வளவையும் கோவையாக மனத்தில் அமைத்து, உரிய இடத்தில் நிறுத்தி, உரிய இடத்தில் குரலை உயர்த்தி நான் முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தது கொசுவலை ஒன்றுதான்.

போகும்போது, "இங்க இந்த மாதிரி ஏதாவது பார்க்க இருக்கா மாமா?" என்று கேட்டான். "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். இருந்து பார்த்துவிட்டுப் போ என்று சொல்ல மனம் எழுந்தது. சொன்னால் அதையும் படம் பிடித்துக்கொண்டு போய், போர்ட்லண்டில் எவனாவது தூங்கப் போகும் நேரத்தில் அவன் மூக்குக்கு நேரே நீட்டுவான். அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

கார் மறைந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போனேன். அங்கேயே மணி ஐந்தே முக்காலாயிற்று. தகைவிலான்களை எதிர்பார்த்து, கழுத்து வலிக்க அண்ணாந்து கம்பிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தபோது, பையும் குடையுமாகப் பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் ஒருவர், நான் பார்த்த திசையில் தாமும் ஒரு முறை பார்த்துவிட்டு, "எந்த வண்டிங்க?" என்றார்.

"தர்மபுரி வண்டி" என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். "இன்னும் வரலீங்களா?" என்று அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போனார்.