ஏர்மெயில் உறையின் கனம்

மதுரையில் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த 1993-இல், அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மருத்துவ மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைப்பவன் செய்யவேண்டிய முதல் வேலை, அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் ரெசிடென்சி இடங்களின் முகவரிகள் அடங்கிய பச்சை அட்டைப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. எங்கள் விடுதியில் ஒரு சீனியரிடம் பழைய பிரதி ஒன்று இருந்தது. தாள்கள் கழன்றுபோயிருந்ததால் ஆளுக்கு இரண்டு மாநிலமாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்குக்கு ஒஹையோவும் மிச்சிகனும் வர, இரவெல்லாம் உட்கார்ந்து முகவரிகளைக் கையால் எழுதினேன்.

விண்ணப்பப் படிவம் அனுப்புங்கள் என்று கேட்கவே ஒரு கடிதம் போடவேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அக்கா, மாணவிகள் வீட்டுக்குப் போனபிறகு எனக்காக அறுபது உறைகளில் முகவரி அடித்துக் கொடுத்தார். அறுபத்தோராவதுக்குத் தபால்தலை வாங்கக் கையில் காசில்லை. அப்புறம் வாரக்கணக்கில் காத்திருப்பு. வந்த உறை கனமாக இருந்தால் படிவம், மெலிதாக இருந்தால் மறுப்பு. பிரிக்கும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். நீங்களும் ஏதோ ஒரு கடிதத்துக்காக வாசலில் நின்றவர் என்றால், தபால்காரரின் சைக்கிள் மணி இப்போதும் காதில் கேட்கும்.

யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்று அந்தப் பக்கத்தில் எப்படி முடிவுசெய்தார்கள் என்பதை அங்கே சேர்ந்தபிறகுதான் பார்த்தேன். புரோகிராம் டைரக்டர் மாலையில் பத்துக் கோப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்; மதிப்பெண், டீன் கடிதம், சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் பார்த்துவிட்டு, பர்சனல் ஸ்டேட்மென்டைப் பென்சிலும் கையுமாகப் படிப்பார். என்னுடையதில் ஒரே ஒரு வரியை அடிக்கோடிட்டிருந்தார்: டெட்டனஸ் வார்டின் இருட்டறையில், சின்னச் சத்தத்துக்கும் உடல் வில்லாய் வளையும் ஒரு விவசாயிக்குப் பக்கத்தில் நான் விழித்திருந்த இரவு. அவர் தம் வாழ்நாளில் டெட்டனஸ் நோயாளியைப் பார்த்ததில்லை. இன்டர்வியூ முழுக்க அதைப் பற்றியே பேசினோம்.

நான் வந்த சில ஆண்டுகளில் ஈராஸ் என்ற மின்னணு விண்ணப்ப முறை வந்து தபால்தலையை ஒழித்தது. இன்று ஒருவர் ஒரே இரவில் இருநூறு இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிவதை எந்தக் குழுவாலும் படிக்க முடிவதில்லை, ஆகவே ஃபில்டர். எத்தனை மார்க், எத்தனையாவது முயற்சி, படிப்பை முடித்து எத்தனை வருடம், விசா வேண்டுமா. மார்க் வெறி தணியட்டும் என்று 2022 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-ஐப் பாஸ், ஃபெயில் என்று மட்டும் ஆக்கினார்கள். வெறி ஸ்டெப் 2-க்குக் குடிபெயர்ந்தது. காது மூக்கு தொண்டைத் துறை 2020-இல் தொடங்கிவைத்த 'சிக்னல்' இப்போது பொது மருத்துவத்திலும் உண்டு: தங்கம் மூன்று, வெள்ளி பன்னிரண்டு, உண்மையாக விரும்பும் இடங்களுக்கு மட்டும். அறுபது தபால்தலைகள் அன்று சொன்னதும் அதைத்தான்.

2020-க்குப் பிறகு இன்டர்வியூவும் பெரும்பாலும் திரையில்தான். அதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. விமானக் கட்டணத்துக்காக எந்த அம்மாவும் வளையலை அடகுவைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் வைத்தார்கள். ஆனாலும் கிளீவ்லாந்திலிருந்து டெட்ராய்ட்டுக்கு, இரவல் கோட்டோடு கிரேஹவுண்ட் பஸ்ஸில் போனதும், முன்பின் தெரியாத சீனியர் வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டுத் தரையில் படுத்ததும், மறுநாள் காலை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு நர்ஸ் களைத்துப்போன ரெசிடென்ட்டின் கையில் காபியைக் கொடுத்து "உட்கார்" என்று சொன்னதைப் பார்த்து, சேர்ந்தால் இங்கேதான் என்று முடிவெடுத்ததும், இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

இப்போது தேர்வுக் குழுவில் நானும் ஒருவன். ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் ஃபில்டர் தள்ளிவிட்ட விண்ணப்பங்களில் முப்பதைக் கேட்டு வாங்கி, அச்சிட்டு, பென்சிலோடு படிக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படி எடுத்த ஒன்று, படிப்பு முடிந்து ஏழு வருடமாகிவிட்டது என்று தள்ளப்பட்ட ஒரு பெண்ணுடையது. அந்த ஏழு வருடமும் அவர் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்திருந்தார். வரும் ஜூனில் எங்களிடம் ரெசிடென்சியை முடிக்கிறார்.