நீல ஜாக்கெட் விளக்கம்: குறையியல் நோக்கில் ஓர் ஆய்வு

பெயராராய்ச்சியில் தொடங்குவதே மரபு. தமிழ்நாட்டில் ‘ஜாக்கெட்’ என்றால் சேலையோடு உடுத்துவது. தையற்கடைக்காரர் நாளைக்கு வாங்க என்று சொல்லி ஒரு வாரம் வைத்திருப்பது. இங்கே ஆராயப்படுவது அதுவன்று. முரட்டு டெனிம் துணியில் உலோகப் பொத்தான் வைத்துத் தைத்து, இடுப்போடு முடியும் மேற்சட்டை. அதிலும் ‘செல்வெட்ஜ்’ வகை. தனக்குத் தானே விளிம்பு கட்டிக்கொண்ட துணி என்பது பொருள். நெசவாளர் வழக்கில் கரை என்க. தறியின் நாடா இடமும் வலமுமாக ஓடி ஊடை நூலை அறுக்காமல் திருப்பிக்கொண்டு வருவதால் ஓரம் பிரியாது. ஓவர்லாக் வேண்டாம். வேட்டிக் கரையை விரலால் தடவிப் பார்த்தவருக்கு இதற்குமேல் உரை தேவையில்லை.

இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே. இந்தச் சட்டையில் இன்று சிறப்பு என்று போற்றப்படுபவை எல்லாம் ஒரு காலத்தில் குறைகள். பொறியாளர்கள் பாடுபட்டு நீக்கிய அவற்றை, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். இத்துறைக்குக் ‘குறையியல்’ எனப் பெயர் சூட்டலாம். (பல்கலைக்கழகங்கள் இருக்கை அமைக்க முன்வந்தால் தடையில்லை.)

அகலத்தை எடுத்துக்கொள்வோம். பழைய நாடாத் தறியில் டெனிம் ஏறத்தாழ 28 முதல் 32 அங்குல அகலமே வரும். நாடாவை ஒழித்த பின்வந்த தறிகள் 60 அங்குலமும் அதற்கு மேலும் நெய்தன. ஆலைகள் அவற்றுக்கு மாறின. அமெரிக்காவின் வட கரோலினாவில், கிரீன்ஸ்போரோ நகரில் 1905இல் எழுந்த கோன் நிறுவனத்தின் ஒயிட் ஓக் ஆலை பழைய டிரேப்பர் தறிகளையும் ஓட்டிக்கொண்டிருந்து, 2017 இறுதியில் கதவை மூடியது. ஜப்பானில் ஒகயாமா, ஹிரோஷிமா பக்கம் டொயோடா தறிகள் இன்னும் தடதடக்கின்றன. சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறிதான் அந்தக் குடும்பத்தின் பெரும் சாதனை. கார் பின்னால் வந்தது.

துணி குறுகலானால் பருத்த உடம்புக்கு என்ன வழி? லீவைஸ் நிறுவனத்தின் பழைய ஜாக்கெட்டுகளில் மிகப் பெரிய அளவுகளுக்கு முதுகுத்துண்டை ஒரே துணியில் வெட்ட முடியவில்லை. இரண்டு துண்டை நடுவில் ஒட்டுப்போட்டார்கள். தோள்பட்டைத் தையலும் இந்த நடுத்தையலும் சேர்ந்து ஆங்கில ‘டி’ எழுத்தைப் போலத் தெரியும். துணி பற்றாமல் போட்ட ஒட்டு! இன்று ‘டி-பேக்’ என்ற பெயரில் சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது இதைத்தான். குறையியலுக்கு இதைவிடத் தூய சான்று கிடைப்பது அரிது.

இனி, கரையைக் காட்டுவது எப்படி என்ற சிக்கல். ஜீன்ஸ்காரருக்குக் கவலையில்லை, காலை மடித்துவிட்டால் சிவப்புக் கோடு ஊருக்கே தெரியும். ஜாக்கெட்டிலோ அது பெரும்பாலும் முன்பட்டையின் உட்புறம் ஒளிந்திருக்கிறது. ஆகவே உடையவர் பேச்சுவாக்கில் பொத்தானைக் கழற்றுவார். காற்று வேண்டிக் கழற்றுகிறார் என்று எண்ணுவது பிழை.

சாயத்தின் குறை இன்னும் ஆழமானது, அல்லது ஆழமின்மையே அதன் குறை. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் அதன் நிறத்தைப் போக்கிக் கரைத்து, பாவு நூலைக் கயிறாகத் திரித்து முக்கி, வெளியே எடுத்துக் காற்றில் காட்டினால் மறுபடி நீலமாகும். இப்படிப் பலமுறை முக்கினாலும் சாயம் நூலின் மேற்புறத்திலேயே நின்றுவிடும். புறம் நீலம், அகம் வெள்ளை. திண்டிவனம் வட்டாரத்து அவுரிச் சாயமானாலும் சரி, 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலமானாலும் சரி, குணம் அதேதான். தேயத் தேய அகம் வெளிப்படும். வேறெந்தத் துணியிலும் ‘சாயம் போகுது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர், இங்கே போகவில்லையே என்று ஏங்குகிறார்.

எடையில்தான் ஆய்வாளன் சற்றுத் திகைக்கிறான். 1927இல் கோன் ஆலை லீவைஸுக்கென்றே உருவாக்கிய துணி 10 அவுன்ஸ்; அதாவது ஒரு சதுர கஜத்தின் எடை. இன்று ஜப்பானின் அயர்ன் ஹார்ட் நிறுவனம் பேர்பெற்றிருப்பது 21 அவுன்ஸுக்கு. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 710 கிராம். கனடாவின் நேக்கட் அண்ட் ஃபேமஸ் 32 அவுன்ஸ் வரை போய்ப் பார்த்தது. பண்ணையில் வேலி அடித்தவர் உடுத்தியதைப்போல் இருமடங்கு கனத்தை லிஃப்டில் ஏறி இறங்குகிறவர் சுமக்கிறார். அயர்ன் ஹார்ட்டாவது மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை மனத்தில் வைத்து நெய்வித்தது. மற்றவர்களுக்கு உரிய காரணம் இன்னும் ஆய்வில் உள்ளது.

அளவுக்கு வருவோம். சட்டை குட்டையாக இருப்பதைக் கண்டு துணியை மிச்சம்பிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கால்சட்டையைத் தொப்புள்வரை ஏற்றிக் கட்டிய காலத்து வெட்டு அது. இறக்கிக் கட்டுகிற இக்காலத்தவருக்கு நடுவே உள்சட்டை எட்டிப்பார்க்கும். லீவைஸின் முதல் வகையில் ஒரே பை, முன்பக்கம் மடிப்புகள், பின்னால் இழுத்துக் கட்டும் வார். 1953இல் வந்த இரண்டாம் வகையில் இரண்டு பைகள். வாருக்குப் பதில் இடுப்பின் பக்கவாட்டில் பட்டைகள். 1960களின் தொடக்கத்து மூன்றாம் வகையில் மடிப்புகள் போய், பைகளிலிருந்து கீழ்நோக்கிக் கூம்பும் தையல் வந்தது. உலகம் இன்று டெனிம் ஜாக்கெட் என்று கண்ணை மூடி நினைப்பது இந்த மூன்றாவதைத்தான். அழகு என்னவோ முதலாவதில்தான் இருக்கிறது.

வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, துணி சுருங்கிவிட்டதா என்று. சான்ஃபோர்ட் கிளூட் 1930இல் காப்புரிமை பெற்ற முறைப்படி ஆலையிலேயே சுருக்கிய துணி, வீட்டில் ஓரிரு சதவீதமே சுருங்கும். அந்த முறைக்கு உட்படாதது பத்து சதவீதம்வரை போகலாம். 25 அங்குலக் கை 22½ ஆகிவிடும். அத்தகைய சட்டையை முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் காயவைத்தபின் அளவு பார்ப்பதே முறை. தோள்தையல் தோளெலும்பின்மேல் நிற்க வேண்டும். கை மட்டும் சற்று நீளமாக இருக்கட்டும். முழங்கை மடிப்புகள் விழுந்தபின் ஒரு துண்டு நீளத்தை அவை விழுங்கிவிடும்.

பழக்குவது தனி அதிகாரம். கஞ்சி ஏறிய புதுச் சட்டையில் முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க இயலாது. தொலைபேசியைக் காதுக்குக் கொண்டுபோவதே ஒரு பேச்சுவார்த்தை. ஜீன்ஸை உட்கார்ந்து உட்கார்ந்தே வழிக்குக் கொண்டுவரலாம். ஜாக்கெட்டின்மேல் யாரும் உட்காருவதில்லை. வெயில் ஏறினால் கழற்றியும் வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் அது ஆண்டுக்கணக்கில் முரண்டு பிடிக்கிறது.

அற்றேல், துவைத்தால் விரைவில் பழகாதோ எனின், பழகும். மடிப்புக் கோடுகள் கூர்மையாக விழுவதற்குமுன் நிறம் மொத்தமாக வெளுக்கும் என்ற அச்சத்தால் மாதக்கணக்கில் தண்ணீர் காட்டாதவர்கள் உளர். அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் கருத்தையும் இவ்வாய்வு கணக்கில் கொண்டது. வியர்வையும் அழுக்கும் நூலை நலிவிக்கும். எனவே உட்புறத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் காயப்போடவும். கொடி உறுதியாக இருக்கட்டும். பக்கத்தில் வெள்ளை வேட்டி எதுவும் வேண்டாம்.