அழுதது எந்த வயலினுக்கு?

கச்சேரியில் பக்கத்து சீட்காரர் தலையாட்டினால் நானும் ஆட்டிப் பிழைக்கிற ரகம் நான். உங்களில் பலரும் நம்ம கட்சிதான். வெளியே சொல்ல மாட்டீர்கள்.

நியூயார்க்கில் அந்த வசதியும் இல்லை. வெஸ்டர்ன் கிளாசிக்கலில் யாரும் தலையாட்டுவதில்லை. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். முன் வரிசையே திரும்பிப் பார்த்தது.

மகள் டிக்கெட் எடுத்தது வயலின் கலைஞர் ஜோஷுவா பெல்லுக்காக. நான் கிளம்பியது அவருடைய வயலினுக்காக. 1713-இல், வயலின் செய்வதில் பேர்போன ஸ்ட்ராடிவாரி செய்தது. 1936-இல் அதன் சொந்தக்காரர் ஹூபர்மான், கார்னகி ஹால் மேடையில் தன் இன்னொரு வயலினை வாசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அறையில் இருந்த இதை யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஜூலியன் ஆல்ட்மன் என்கிற வயலின்காரர், அடையாளம் தெரியாமலிருக்க பூட் பாலிஷ் பூசி, காலமெல்லாம் இதையே வாசித்துச் சம்பாதித்தார். 1985-இல் சாகக் கிடக்கும்போதுதான் மனைவியிடம் வாயைத் திறந்தார். பெல் 2001-இல் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்கு வாங்கினார். இத்தனையும் ரயிலிலேயே மனப்பாடம். அன்றைய நிகழ்ச்சி நிரலை மட்டும் பார்க்கவில்லை.

ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒருவர் வயலினோடு தனியாக வந்தார். ஒரே கைதட்டல். முதல் உருப்படி முழுக்க அவர் வில்லையே பார்த்து, முந்நூறு வருஷ மரம் அழுகிறது என்று நானும் அழுதேன். "என்ன நாதம்!" என்றேன் மகளிடம்.

"அப்பா, அவர் கான்சர்ட் மாஸ்டர், ஆர்கெஸ்ட்ராவோட முதல் வயலின்காரர். பெல் இனிமேதான் வருவார்."

கண்ணைத் துடைத்த கர்ச்சீப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

பெல் வந்தார். சாய்கோவ்ஸ்கி வாசித்தார். சபையே எழுந்து நின்று தட்டியது. நானோ பால்கனியிலிருந்து பூட் பாலிஷ் தேடிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி ஆறுதலுக்கு நெட்டில் மேய்ந்தேன். 2010-இல் இண்டியானாபோலிஸில் தேர்ந்த வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கிய வெளிச்சத்தில் பழைய வயலினையும் புதுசையும் வாசிக்கக் கொடுத்தார்களாம். பெரும்பாலானவர்களுக்கு எது பழசென்றே தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. என்ன, அவர்கள் திணறியது இருட்டில். நான் நல்ல வெளிச்சத்தில்.

மகள் விடவில்லை. 2007-இல் இதே பெல், இதே வயலினோடு, தொப்பி போட்டுக்கொண்டு வாஷிங்டன் மெட்ரோ ஸ்டேஷனில் 43 நிமிஷம் வாசித்த கதையை எடுத்தாள். கடந்து போனவர்கள் 1,097 பேர். நின்று கேட்டவர்கள் 7 பேர். வசூல் 32 டாலர் சொச்சம். "நீங்க நின்னிருப்பீங்களாப்பா?"

எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில்தான் வாசித்தாராம். அப்படியென்றால் சத்தியமாக நின்றிருப்பேன். அதில் கால் வைக்க எனக்குத் தைரியம் வருவதற்குள் ஒரு கச்சேரியே முடிந்துவிடும்.