76 வருடமும் ஐந்து நிமிடமும்

"பொறுங்கோ. 76 வருசத்துக் குப்பையை ஒரு நாளிலை கூட்டேலுமே?"

தேசிய மக்கள் சக்திக்காரரிடம் எதைக் கேட்டாலும் முதலில் விழுகிற பதில் இதுதான். தேங்காய் விலை ஏன் இப்படி என்றால் சுதந்திரத்துக்குப் பிறகான 76 வருடம். கடையில் அரிசி ஏன் இல்லை என்றாலும் 76 வருடம். அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றது 2024 செப்டெம்பர் 23. அதன்பிறகு ஒரு வருடம் கடந்தும் அந்தக் கணக்கு 77 ஆகவில்லை, கவனித்தீர்களா? குப்பை 76 வருடத்தோடு நின்றுவிட்டது. தோழர்கள் ஆளுகிற காலத்துக்குக் குப்பை கிடையாது.

நான் எதிர்க்கட்சிக்காரன் இல்லை. அவர்களின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டவன். போடச் சொல்லி வாசல் வாசலாகப் போய்க் கேட்டவனும்கூட. தமிழ்க் கட்சிகளின் குடுமிப்பிடியில் வெறுத்துப்போய்த்தான் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றைத் தூக்கிக் கொடுத்தோம். நாடு முழுக்க 225இல் 159. மூன்றில் இரண்டுக்கும் மேலே. அரசியலமைப்பையே மாற்றக்கூடிய பலம் அது. அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று கேட்டால், முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை வெட்டினார்கள். மகிந்த ராஜபக்ச விஜேராம வீட்டை விட்டுப் போனார். நல்லது, கைதட்டினேன். கலாநிதிப் பட்டத்தைக் காட்ட முடியாமல் அவர்களுடைய முதல் சபாநாயகரே பதவி விலகினார். அதையும் நேர்மைக் கணக்கில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

ஆனால் இந்த அரசாங்கம் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேண்டிய இடத்தில் இதன் வேகம் குதிரை வேகம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் அன்றைக்கே கண்டுபிடித்தார். இந்த நாட்டில் எந்த ஆணைக்குழுவும் இவ்வளவு சீக்கிரம் குற்றவாளியைக் கண்டுபிடித்ததில்லை. அடுத்த மாதம் 15ஆம் திகதி, விவசாய அமைச்சின் ஏற்பாட்டில் குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றுக்கும் கணக்கெடுப்பு நடந்தது. காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை. ஐந்தே நிமிடம். குடிமக்கள் வளவுக்குள் நின்று, கண்ணில் பட்டதை எண்ணிப் படிவத்தில் எழுதவேண்டும்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி முதல் தாய்மார் வீதியோரம் இருக்கிறார்கள். அவர்களும் எண்ணச் சொல்லித்தான் கேட்கிறார்கள். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் கையைப் பிடித்துக் கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. பெயர், வயது, ஒப்படைத்த இடம் எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று. காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒன்றுக்கு 2016இல் சட்டமும் வந்தது. ஆனால் மந்திக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. செம்மணிப் புதைகுழியில் 200க்கு மேல் எலும்புக்கூடுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு தாங்களாகவே கணக்கில் வந்து நிற்கின்றன. குழந்தைகளும் அதில் அடக்கம். தோழர்களுக்கு 76 வருடம் மட்டும்தான் எண்ண வருகிறது.

பலாலி வீதிக்கு வருவோம். 1990இல் இராணுவம் மூடிய பாதை. 2025 ஏப்ரல் 10ஆம் திகதி, உள்ளூராட்சித் தேர்தலுக்கு நாலு கிழமை இருக்க, திறந்தார்கள். திறந்த கையோடு ஓர் அறிவித்தல் பலகையும் நட்டார்கள். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரைதான் பாதை என்றது அந்தப் பலகை. இடையில் நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது. நடந்து போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக் கூடாது. தன் வளவு வேலியைக் கடந்து போகிற கிழவன், நின்று ஒருமுறை எட்டிப் பார்த்தால் குற்றவாளி. இதற்குப் பெயர் விடுவிப்பு. சிறைச்சாலையில்கூட உறவினரைப் பார்க்க நின்று பேச விடுவார்கள்.

காணியில் காட்டிய வேகமும் குறைவில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி. வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருங்கள், இல்லாவிட்டால் அரச காணி. உறுதி வீட்டோடு எரிந்தது. வீட்டுக்காரன் தமிழ்நாட்டு முகாமில் இருக்கிறான், மகன் ரொறன்ரோவில் பனி தள்ளுகிறான். அவர்களுக்குத் தவணை மூன்று மாதம். அரசாங்கம் தன் வாக்குறுதிக்குக் கேட்கும் தவணைக்கு மட்டும் திகதியே இல்லை. ஊர் கொதித்தபிறகு அதை மீளப்பெற்றார்கள். மீளப்பெற்றதையே சாதனையாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். கல்லெறிந்துவிட்டு மருந்து பூச வருகிற மனிதரை எங்கள் ஊரில் என்ன சொல்லித் திட்டுவோம் என்பதை இங்கே அச்சிட முடியாது.

மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் வைப்போம் என்றார்கள். வட மாகாண சபையின் காலம் முடிந்தது 2018 ஒக்டோபரில். அன்று தொட்டு வடக்கை ஆளுவது ஆளுநர். தேர்தல் வைக்காததற்குக் காரணம் எல்லை நிர்ணயச் சிக்கலாம். பழைய முறையில் தேர்தல் வைக்கச் சிறு திருத்தம் ஒன்று போதும். அதை நிறைவேற்ற 159 பேர் இருக்கிறார்கள். கை தூக்க வலிக்கிறதா? வலிக்கத்தான் செய்யும். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் நாடு முழுக்க அவர்களின் வாக்கு 61 வீதத்திலிருந்து 43 ஆனது. தேர்தல் என்றாலே இனி எல்லை நிர்ணயம் செய்துதான் யோசிப்பார்கள்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்கும் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 1994இல் சந்திரிகா ஒழிப்பேன் என்றார். மகிந்த சொன்னார். மைத்திரிபால சொன்னார். ஒழிக்கப் போனவர் எல்லாம் கதிரையில் இருந்து பார்த்தபிறகு அது இவ்வளவு வசதி என்று கண்டார்கள். தோழரும் இருந்து பார்க்கிறார்.

கடைசியாக, பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் ஜே.ஆர். கொண்டுவரும்போது அதன் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு என்றார்கள். எங்கள் பிள்ளைகளை மட்டும் அது தின்னவில்லை, தோழர்களே, உங்கள் கட்சிப் பிள்ளைகளையும் தின்றது. 2022இல் ஒரு மாணவர் தலைவரை அதில் அடைத்தபோது நீங்களும்தான் கத்தினீர்கள். நீக்குவோம் என்று எழுதியும் கொடுத்தீர்கள். பிறகு 2025 மார்ச்சில், இஸ்ரேலைத் திட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயதுப் பொடியனுக்கு அதே சட்டத்தில் 90 நாள் தடுப்புக்காவல் உத்தரவு. அப்படியான உத்தரவில் கையெழுத்துப் போடும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சருக்கு. பாதுகாப்பு அமைச்சர் யார் என்று கேட்காதீர்கள். அவரும் தோழர்தான்.

ஆக, சட்டத்தைப் பாவிக்க நேரம் இருக்கிறது, நீக்கத்தான் நேரமில்லை. குழு போட்டார்கள், கருத்துக் கேட்டார்கள், பதிலாக என்ன சட்டம் வைப்பது என்று மண்டையைப் பிய்க்கிறார்கள். முள்ளைப் பிடுங்கினால் அந்த இடத்தில் எந்த முள்ளைக் குத்துவது என்று யோசிக்கிற வைத்தியரை இப்போதுதான் பார்க்கிறேன்.

வரைவுதான் பிரச்சினை என்றால் நானே எழுதித் தருகிறேன்: '1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இத்தால் நீக்கப்படுகிறது.' ஒரே வரி. கொழும்பு பஸ் இரவு வெளிக்கிடும், சாரதியிடம் கடுதாசியைக் கொடுத்து விடுகிறேன். பேனை இல்லையென்றால் அதையும் சொல்லுங்கோ, தோழர்.