துணியில் ஏறிய நீலம்

எழுபதுகளில் ஒரு தெருவுக்கு ஒன்றோ இரண்டோ கார் இருந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு வாய்த்தது பெரியப்பாவின் கருநீல ஃபியட். அதன்மேல் ஒரு கீறல் விழுந்தால் அது வீட்டுக்கே வந்த சேதி. மாட்டுக் கொம்பா, சைக்கிள் ஹேண்டில்பாரா, கேட்டுத் தாழ்ப்பாளா என்று ராத்திரிச் சாப்பாடு வரை விசாரணை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டியைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்து, ரப்பிங் காம்பவுண்ட் டப்பாவைத் திறந்து வைத்து, "அழுத்தாதேடா, வட்டமாத் தேய்" என்பார் பெரியப்பா.

அன்றைய பெயிண்டில் நிறத்துக்கு மேல் வேறு பூச்சு கிடையாது. அதனால் தேய்க்கத் தேய்க்க, வெயிலில் வெளுத்துப்போன மேல்தோல் கழன்று துணியெல்லாம் கருநீலமாகும். அடியிலிருந்து வண்டி வாங்கிய நாளின் மினுமினுப்பு மெல்ல எழுந்து வரும். நகக்கண்ணில் ஏறிய நீலம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வரைக்கும் கூட வரும், அதைப் பக்கத்து பெஞ்சுக்குக் காட்டும் பெருமையே தனி.

ஆழமான கீறலென்றால் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுப் பெயிண்ட் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லி, சற்று நேரம் பார்த்துவிட்டு, நீலத்தில் கறுப்பு ஒரு சொட்டு, பச்சை ஒரு சொட்டு என்று குச்சியால் கலக்கி, மட்காடு ஓரத்தில் ஒரு பொட்டு வைப்பார். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் ஒரு நிறமும் காட்டும் என்பதால் காயும்வரை காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில்தான் எனக்குப் பன்னீர் சோடா கிடைக்கும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. வீட்டுக்கு வீடு கார் என்றாகும் காலம் அதன் பின்னாலேயே வந்தது. பெயிண்டும் மாறியது. இப்போது நிறத்துக்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. தடிமன் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஆனாலும் வெயிலையும் மழையையும் அதுதான் தாங்குகிறது, சில்லறைக் கீறல்கள் அதோடு நின்றுவிடுகின்றன. கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். தடுக்காமல் வழுக்கினால் காம்பவுண்டும் பாலிஷுமே போதும். இன்றும் தேய்க்கிறேன், கீறலும் போகிறது, ஆனால் துணியில் நிறம் ஏறுவதில்லை, வெறும் வெள்ளைதான். கைக்கும் வண்டியின் நிறத்துக்கும் நடுவில் ஏதோ வந்துவிட்டது என்று அப்போதெல்லாம் மனசு லேசாகக் கனக்கும்.

நகம் தடுக்கினால் டச்-அப் பேனா. கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் தகட்டைப் பார்த்து பெயிண்ட் கோடு நம்பரைச் சொன்னால் போதும், கடைக்காரர் வண்டியைப் பார்க்கவே வேண்டாம். பன்னீர் சோடாவுக்கும் நேரமில்லை. தகரம் தெரிகிற இடத்தில் முதலில் பிரைமர் தொட்டு வைத்துவிட வேண்டும். நம் ஊர்க் கடல்காற்றில் துரு காத்திருக்காது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே அந்தக் கவலை இல்லை.

இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள் பிள்ளைகள். ஒரு கீறலுக்காகக் கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடும். ஐந்து வருஷம் கிளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் அது 50 சதவீதம். அந்தப் பணத்துக்கு எத்தனை காம்பவுண்ட் டப்பா வாங்கலாம்!

மெட்டாலிக் நிறத்தில் பேனா தொட்ட இடம் எப்படியும் கொஞ்சம் தெரியும். அதில் கலந்திருக்கும் அலுமினியத் துகள் ஸ்பிரேயில் படிகிற வாகில் பிரஷ்ஷில் படியாது. என் வண்டியின் இடது கதவில் அப்படி ஒரு கோடு இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "பேனல் முழுக்க அடிச்சுடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி என்கிறேன். துரு ஏறவில்லை, எனக்கு அது போதும்.