கிளி சார்

சென்னையில் ஐம்பது வீடுகளுக்கு மேல் இருக்கும் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்போது ஒரு கிளி சார் உண்டு. அவருடைய சொந்தப் பெயர் லெட்டர் பாக்ஸில் மட்டும் இருக்கும். வாட்ச்மேனுக்கும் பால் போடுகிறவருக்கும் அவர் கிளி சார்தான்.

கிளியை அவர் வாங்கியதில்லை. வாங்குகிற ஆளும் இல்லை. பையனுடைய நண்பன் ஒருவன் கனடாவில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "மூணே மாசம் அங்கிள்" என்று ஓர் ஆப்பிரிக்கன் கிரேயைக் கூண்டோடு இறக்கிவிட்டுப் போயிருப்பான். சாம்பல் உடம்பு, சிவப்பு வால், சுமார் 400 கிராம் எடை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது ஐம்பது வருஷம் இருக்கும் என்ற விவரம் சாருக்குப் பிறகுதான் தெரியவரும். அவருக்கு வயது 64. அன்று ராத்திரி உயிலை எடுத்துப் புரட்டுவார்.

பார்க்க வருகிறவர்கள் "எங்க பாட்டி வீட்ல ஒரு பச்சைக்கிளி..." என்று ஆரம்பித்தால் தொலைந்தார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். இன்று இருந்திருந்தால் பாட்டிக்கு ஜாமீன் எடுக்க வேண்டியிருக்கும் என்பார். வெளிநாட்டுக் கிளிக்கும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு உண்டு; அதை லாமினேட் செய்து வைத்திருப்பார். வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவருக்கு இந்தப் பகுதி சுலபம்.

மற்றதுதான் தகராறு. "யூனியனையே சமாளிச்சவன்டி நான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வந்த அன்றே கூண்டுக்குள் விரலை நீட்டுவார். விரல் திரும்பி வரும், கொஞ்சம் தோல் அங்கேயே தங்கிவிடும். "ஐயோ!" என்று அலறுவார். கிளிக்கு இது இரட்டை லாபம். பயமுறுத்திய கையும் விலகியது, கச்சேரியும் கிடைத்தது. சீக்கிரமே அவர் குரலிலேயே "ஐயோ" சொல்லக் கற்றுக்கொள்ளும். மனைவி முதலில் டெட்டாலோடு ஓடிவருவார். பிறகு நிஜமாகவே கடித்தாலும் வரமாட்டார்.

பறவை வைத்தியம் தெரிந்த டாக்டர் முதலில் உடம்பில் ஏதாவது வலி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றதும், "கோபம் இல்ல சார், பயம். கடிக்கிறதுக்கு முன்னாடி அது பத்துத் தடவை சொல்லிடும், நீங்கதான் கவனிக்கல" என்பார். கழுத்துச் சிறகு சிலிர்க்கும், கண்பாப்பா சுருங்கிச் சுருங்கி விரியும், உடம்பு விறைக்கும். அப்போதே பின்வாங்க வேண்டும். சாரின் சர்வீஸில் பின்வாங்கல் என்ற சேப்டரே கிடையாது. ஆனாலும் கற்றுக்கொள்கிறார் பாருங்கள், அதற்காகவே அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

அதன்பின் நடப்பது தவம். நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது பருந்தின் பழக்கம் என்பதால், பக்கவாட்டில் உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டுப் படிப்பார், காலமானார் விளம்பரம் வரைக்கும். கிளிக்கு உயிரான சூரியகாந்தி விதையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார். இனி அது அவர் கையால்தான் கிடைக்கும். விதையைப் போட்டதும் நகர்ந்துவிடுவார். கிளி விறைக்காத நாளில் நாற்காலி அரையடி முன்னால் வரும். அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் குச்சி: நுனியை அலகால் தொட்டால் ஒரு விதை. கை என்றாலே பயந்த பறவை, குச்சி நீளம் குறையக் குறையக் கைக்குப் பக்கத்தில் வந்திருப்பதைக் கவனிக்காது. சார் கவனிப்பார். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

நடுவில் பழைய வீட்டு ரகசியங்களும் வெளிவரும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் குரலில், "எங்கடா சுத்திட்டு வர்றே?" என்று கிளி கேட்கும். சார் அனிச்சையாக, "பால்கனியிலதான் இருந்தேன்" என்பார்.

இதற்கெல்லாம் விலை கொடுப்பது வீட்டம்மாதான். நான்ஸ்டிக் கல் போயிற்று; அதிகமாகச் சூடேறினால் வரும் புகை கிளியைக் கொன்றுவிடுமாம். ஊதுபத்தி, சாம்பிராணி போயிற்று. சாமிக்கு வெறும் விளக்குதான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அது தூங்க வேண்டும் என்பதால் ஏழரை மணிக்கு ஹாலில் விளக்கணைப்பு. அம்மா படுக்கையறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சீரியல் பார்க்கிறார். "ஏங்க, என்னைக்காவது எனக்காக இப்படி மெதுவாப் பேசியிருக்கீங்களா?" என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

அசோசியேஷன் மீட்டிங்கில்கூட சார் மாறிவிட்டார். செயலாளரின் கழுத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் பேசலாம்" என்று உட்கார்ந்துவிடுகிறார்.

ஒரு நாள் கனடாவிலிருந்து வீடியோ கால். "அங்கிள், அடுத்த மாசம் லீவுல வர்றேன். பிங்கியைக் கூட்டிட்டுப் போறதுக்கு ஏற்பாடு பண்ணட்டுமா?"

கிளி அப்போது சாரின் தோளில் உட்கார்ந்து அவர் கண்ணாடிக் காம்பைக் கோதிக்கொண்டிருக்கும். அவசரமாகப் போனை உத்தரத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு, "இன்னும் ரொம்பக் கடிக்குதுப்பா" என்பார். ஜாடை காட்டுவார். கிளி உடனே, "ஐயோ!"

"சாரி அங்கிள்! அப்ப இன்னும் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்."

போனை வைத்ததும் கிளிக்கு இரண்டு விதை.