தாபோடியில் ஒரு கிரீச்

புனேயின் தாபோடியில் காருக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே சொல்லவே கூடாது. பக்கத்தில் பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸ், கொஞ்சம் தள்ளி ஆகுர்டியில் பஜாஜ், ஊருக்குள்ளேயே மகாராஷ்டிர எஸ்.டி. பஸ்களுக்கான பெரிய பணிமனை. இவற்றில் ஏதாவது ஒன்றில் ஸ்பேனர் பிடித்து ரிட்டயர் ஆனவர் மாடிக்கு ஒருவர் இருப்பார். என் பழைய கார் கிரீச்சிட ஆரம்பித்ததும், மேல்மாடிக் காகா பால்கனியில் நின்றபடியே, சபாவில் சுருதி பிசகைப் பிடிக்கிற விமர்சகர் மாதிரி, "இடது பக்கம், பிரேக் பேடு" என்று தீர்ப்பு சொன்னார். எதிர்வீட்டுக்காரர் பேரிங் என்றார். கீழ்வீட்டுக்காரருக்கு அது மழைக்காலத் துரு.

எல்லாவற்றிலும் நியாயம் இருந்ததுதான் வம்பு. புனே மழையில் ராத்திரி நிறுத்திய வண்டியின் டிஸ்கில் விடிவதற்குள் துரு படியும்தான். தெருமுனைக்குள் நாலு தடவை பிரேக்கை மிதித்தால் அந்தச் சத்தம் போய்விடும். போகாவிட்டால் பேடைச் சந்தேகப்பட வேண்டும். பேடு தேய்ந்து எல்லைக்கு வந்ததும் டிஸ்கில் உரசிக் கத்துவதற்கென்றே அதில் ஒரு தகரத் துண்டு வைத்திருப்பார்கள். அந்தக் கத்தல் மாறிக் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது; அப்புறம் டிஸ்கும் செலவில் சேர்ந்துகொள்ளும்.

முதலில் ஏ.சி. போட்ட ஒரு பெரிய கராஜுக்குப் போனேன். காபி நன்றாக இருந்தது. பேடு, டிஸ்க் கடைசல், நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட், என்ஜின் ஃபிளஷ் என்று பட்டியல் நீண்டது. பிரேக்குக்கும் என்ஜின் ஃபிளஷுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "பேக்கேஜ் சார்" என்றான் பையன். இத்தனைக்கும் ஒரு சக்கரத்தைக்கூட அவர்கள் இன்னும் கழற்றவில்லை.

ஸ்டேஷன் பக்கத்துத் தகரக் கொட்டகை மெக்கானிக் பேச்சே கொடுக்கவில்லை. ஜாக்கியை வைத்து வலது முன்சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். "அண்ணா, ஹே பகா" (இதைப் பாருங்கள்) என்றார். புதுப் பேடு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும், 3-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். வெளிப் பேடில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. உள் பேடோ பிஸ்கட் மேல் பூசிய கிரீம் அளவுக்குத்தான் இருந்தது. காலிப்பர் பின் இறுகிப்போய், உள் பேடு ஓயாமல் டிஸ்கை ஒட்டியே ஓடியிருக்கிறது. சக்கர இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கிறவர்களுக்கு வெளிப் பேடு மட்டும்தான் கண்ணில் படும்.

பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். டிஸ்கை வெர்னியரால் அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தோடு ஒப்பிட்டு, கடைசல் வேண்டாம் என்றார். புதுப் பேடுப் பெட்டியை என் எதிரிலேயே பிரித்து, இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்றினார். பின்சக்கர ஷூவையும் மாற்றிவிடலாமே என்று நானே வலியச் சொன்னேன். தீபாவளி தாண்டி ஓடும், பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிரேக் ஆயிலில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கண்டாலா மலைப்பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்தால், மிதி பொசுக்கென்று தரையோடு போய்விடும். பில்லில் எண்களை மட்டும் வாசிக்க முடிந்தது. அவை நியாயமான எண்கள்.

பழைய பேடுகளைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். காகாவிடம் காட்டி, கெட்டது வலது பக்கம் என்றேன். அவர் அசரவில்லை. "பால்கனியிலிருந்து பார்த்தால் அது இடதுதான்."

வாட்ச்மேனுக்குத்தான் வருத்தம். முன்பெல்லாம் கிரீச் கேட்டதும் என் வண்டிதான் என்று நாற்காலியை விட்டு எழுந்து கேட்டைத் திறந்துவிடுவார். இப்போது ஹார்ன் அடித்து அவரை எழுப்ப வேண்டியிருக்கிறது.